கடுகண்ணாவையில் லொறி நிறுத்திய யோசப்பின் ரீச்சர்

யோசப்பின் ரீச்சருக்கு எப்போதும் வலது செருப்புத்தான் முதலில் தேய்கிறது. பஸ்ஸில் போனாலும் ஓட்டோவில் போனாலும், முன்னால் ஒரு நாய் குறுக்கே ஓடினால் போதும். அவருடைய வலது கால் தானாக நீண்டு, அங்கே இல்லாத ஒரு பிறேக்கை மிதித்துவிடும். யாழ் நகரிலிருந்து மருதனார்மடத்துக்குப் போகும் காலை பஸ்ஸில் சாரதிக்கு நேர் பின்னால் உள்ள இருக்கை அவருடையது. அந்த இடத்தில் தகரத் தளம் பளபளவென்று மினுங்குகிறது. ஒருமுறை செருப்புக் கடையில் நின்று, "வலது கால் மட்டும் விப்பியளோ? இடது புத்தம் புதுசாக் கிடக்கு" என்று உண்மையாகவே பேரம் பேசியிருக்கிறார். கடைக்காரர் சிரித்திருக்கிறார். ரீச்சர் சிரிக்கவில்லை.

மருதனார்மடச் சந்தியில், சந்தைக்கு எதிர்ப்புறம் ஒரு மாடியறையில், வாகனம் ஓட்டப் பழக்கும் நிலையம் நடத்துகிறார். ஒரு கார், ஒரு மேசை, வீதிச் சின்னங்கள் அச்சடித்த ஒரு படம். இவ்வளவுதான் நிலையம். கார் இரவில் அங்கேயே நிற்கும். வீடு குருநகரில், கடலுக்குப் பக்கத்தில். "அங்கை கொண்டுபோனால் உப்புக்காத்துக்கு மூண்டு மாசத்திலை கறள் பிடிச்சுப்போம்" என்பார். வயது ஐம்பத்தேழு. ஆள் குள்ளம். இடது பக்கச் சீற்றில் ஒரு தலையணைக்கு மேல் ஏறி இருந்தால்தான் கண்ணாடிக்கு வெளியே உலகம் தெரியும். அந்தச் சீற்றுக்குக் கீழே அவருக்கென்று தனியாக ஒரு கிளச்சும் ஒரு பிறேக்கும் உண்டு.

காருக்குள் ஏறிவிட்டால் ஆண்கள் எல்லோரும் தம்பி, பெண்கள் எல்லோரும் பிள்ளை. அறுபது வயது அதிபரும் தம்பிதான். வேகமாக ஓடினால் அப்பனையும் இழுப்பார்: "ரோட்டு என்ன கொப்பற்றையோ?" நெளிந்து நெளிந்து ஓடினால், "பிள்ளை, இது காப்பெற் ரோட்டு. கோலம் போடாதை." கவனம் சிதறினால், "கண் எங்கை பாக்குது?" இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே வலிகாமத்தில் இருக்கிறது. கலியாண வீட்டில் பின்னாலிருந்து யாராவது அப்படிக் கேட்டால் அரைவாசிப் பேர் பந்திச் சோற்றை விட்டு நிமிர்ந்து உட்காருவார்கள்.

அவருடைய கணவர் கிறகோரி மட்டும் அந்தக் காரில் ஏறியதில்லை. கடற்றொழிலாளி. தென்மேற்குச் சோளகக் காற்றிலும் கடலுக்குப் போகப் பயப்படாத மனிதர். காரணம் கேட்டேன். "கடலிலை போனால் மாதா பாத்துக்கொள்ளுவா. உவளுக்குப் பக்கத்திலை இருந்தால் ஆர் பாக்கிறது?" என்றார்.

நானும் அந்தத் தலையணைக்குப் பக்கத்தில் இருந்து பழகியவன்தான். இரண்டு தரம் ஃபெயிலாகி மூன்றாம் தரம்தான் பாஸானேன். பதினொரு வருடமாகியும் ரீச்சர் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால் அந்த மூன்றையும் சேர்த்துத்தான் சொல்வார்.

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஏற்றத்தில் வாகனத்தை நிறுத்தி, பின்னால் உருளவிடாமல் எடுப்பது எப்படி என்று பழக்க ரீச்சருக்குக் கிடைத்தது சண்டிலிப்பாய்ப் பக்கம் வழுக்கியாற்றின் மேல் உள்ள ஒரு சிறிய பாலம். ஆள் உயரம்கூட வராது. அதன் நடுவில் காரை நிறுத்தச் சொல்லுவார். நாங்கள் வியர்ப்போம். கார் ஒரு சாண் பின்னால் போகும். அப்போதுதான் அந்தக் கதை வரும்.

"உதென்ன ஏத்தம் தம்பி? நான் கடுகண்ணாவையிலை, நடு ஏத்தத்திலை லொறியை நிப்பாட்டி எடுத்தனான். பின்னாலை பஸ்காரன் ஹோன் அடிக்கிறான். லொறி நிறைய வெங்காயம். ஒரு வெங்காயம் விழேல்லை."

நாங்கள் பயபக்தியோடு மறுபடி கிளச்சை மிதிப்போம். கண்டிக்கும் கொழும்புக்கும் இடையில், பாறையைக் குடைந்து போகும் அந்த மலைப்பாதையைப் படத்தில் பார்த்தவர்களுக்கே தலை சுற்றும். அதில் ஒரு குருநகர்ப் பெண், லொறியோடு!

பல வருடங்களுக்குப் பிறகு, ரீச்சரிடம் பழகிய நாலு பேர் ஒரு தேநீர்க் கடையில் கூடியபோதுதான் ஒரு விடயம் தெரிந்தது. எனக்குச் சொன்ன லொறியில் வெங்காயம் இருந்தது. வங்கியில் முகாமையாளராக இருக்கும் ஜெயகௌரிக்குச் சொன்ன லொறியில் சீமெந்து. ஐஸ் தொழிற்சாலை வைத்திருக்கும் லெனாட்டின் லொறியில் ஐஸ் கட்டி, அதுவும் ஒரு துளி உருகவில்லை. கோப்பாய்ப் பல் வைத்தியர் சுபாஸ்கரனின் லொறியில் இரண்டு மாடுகள்.

"மாடு நிண்ட நிலையிலை நிண்டதாம்" என்றார் சுபாஸ்கரன்.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சதி அந்த மேசையில்தான் தொடங்கியது.

என்னைத் தவிர மற்ற மூவருக்கும் ஜீப் பைத்தியம். சுபாஸ்கரனின் பழைய ஜீப்பில் மூக்குக்குழாய் போல ஒரு குழாய் உயர்ந்து நிற்கும். கூரையில் மண்வெட்டி, கயிறு, ஆறு விளக்கு. இவ்வளவு ஆயுதங்களோடும் அது பெரும்பாலும் கோப்பாயிலிருந்து அவருடைய பல் வைத்தியசாலைக்குத்தான் போய்வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று ஜீப்பும் மணற்காட்டு மணல்மேடுகளுக்குப் போய்ப் புதையும். பிறகு மாலைவரை ஒன்றையொன்று இழுக்கும். இப்போது அவர்களுக்கு மலை வேண்டும் என்ற ஆசை வந்திருந்தது. மாத்தளைக்கு அப்பால், நக்கிள்ஸ் மலைச்சரிவில், கைவிடப்பட்ட ஏலத்தோட்டப் பாதை ஒன்றை இணையத்தில் கண்டுபிடித்திருந்தார்கள். வாகனம் போகாது என்று அங்கே எழுதியிருந்தது. அதுதான் அவர்களைக் கவர்ந்தது.

"ரீச்சரையும் ஏத்துவம்" என்றார் ஜெயகௌரி. "கௌரவ விருந்தினரா. முன் சீற்றிலை. பக்கத்திலை பள்ளம் தெரியிற மாதிரி."

"கத்துவா" என்றார் லெனாட் ஆசையோடு. அவரை ரீச்சர் ஒருகாலத்தில் பழக்கத்தின் நடுவே காரை விட்டு இறக்கி, சுன்னாகத்திலிருந்து நடக்கவிட்டிருக்கிறார்.

அழைத்தபோது ரீச்சர் வீதிச் சின்னப் படத்தை ஒருதரம் நேராக்கினார். எங்களுக்கு அது சந்தோசமாக இருந்தது. பிறகு, "மலையோ? போய்க் கனகாலம். வாறன்" என்றார்.

விடியற்காலை மருதனார்மடத்து ஆஞ்சநேயர் சிலைக்குக் கீழே மூன்று ஜீப்பும் நின்றன. சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தாயிற்று. ரீச்சர் வந்தார். நீலச் சேலை, காலில் கன்வஸ் சப்பாத்து, கையில் ஒரு பிரம்புக்கூடை, கக்கத்தில் தலையணை. சுபாஸ்கரனின் ஜீப்பில் இடது பக்கம் ஏறினார். நான் பின்சீற்றில். ஆறு விளக்குகளையும் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, உதிலை எத்தினை எரியும்?" என்று கேட்டார். மூன்று எரிந்தது. சுபாஸ்கரன் ஜீப்பை எடுத்தார்.

முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்கு அவரே தேங்காய் உடைத்தார். கழுத்தில் அந்தோனியார் படம் தொங்க, தேங்காயை ஓங்கியபடி, "ரோட்டோரம் இருக்கிற ஆரோடையும் பகைக்கக்கூடாது" என்றார். வவுனியாவரை அவருடைய வாய் ஓயவில்லை. மடுவுக்கு வருடாவருடம் போவதால் அதுவரை ஒவ்வொரு வளைவும் அவருக்குத் தெரிந்திருந்தது. வவுனியா தாண்டியதும் ஆள் மெல்ல அமைதியானார். பெயர்ப்பலகைகளை உதடு அசைய வாசித்துக்கொண்டு வந்தார். நான் அதைக் கவனித்தேன்.

தம்புள்ளையும் போய் நாவுல வந்தபோது சுபாஸ்கரன் கையிலிருந்த சிறிய வானொலிக் கருவியில் பின்னால் வந்த லெனாட்டோடு கதைத்துக்கொண்டிருந்தார். ரீச்சர் இடது பக்கம் கை நீட்டி, தலையைத் திருப்பாமலே மெதுவாக என்னிடம் சொன்னார்:

"தம்பி, உங்கை பாரும். பெரிய மழை ஒண்டு இருட்டிக்கொண்டு வருகுது."

பார்த்தேன். கருநீலமாக, வானத்தின் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது.

"ரீச்சர்," என்றேன், "அது மழை இல்லை. மலை."

அவர் கழுத்தை நீட்டி மேலே பார்த்தார். இன்னும் மேலே பார்த்தார். உச்சி எங்கே என்று தேடுகிறார் என்று விளங்கியது. பிறகு வெயில் மறைப்புப் பலகையை இழுத்துவிட்டார். அதிலிருந்த சிறிய கண்ணாடியில் எங்கள் கண்கள் சந்தித்தன.

"தெரியும்" என்றார். "உம்மைச் சோதிச்சுப் பாத்தனான்."

மாத்தளையில் தேநீர் குடிக்க இறங்கியபோது என்னைத் தனியே ஒரு மாமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

கொழும்புக்கு மூன்றுதரம் போயிருக்கிறார். மூன்றுதரமும் இரவு பஸ், புத்தளம் பாதை, முழுநேரமும் நித்திரை. மற்றப்படி வவுனியாவுக்கு அப்பால் தெரியாது. சமாதானக் காலத்தில் ஒரு தொண்டு நிறுவனம் பெண்களுக்கு வாகனம் பழக்கியபோது பழகியவர். போர் முடிந்தபின் நிலையம் தொடங்கினார். முதலாவதாக வந்தவர் நகரத்து மொத்த வியாபாரி ஒருவர். காரில் ஏறுமுன் ரீச்சரை மேலும் கீழும் பார்த்தாராம்.

"'பொம்பிளையிட்டைப் பழகிப்போட்டு நான் கண்டிக்கு லொறி கொண்டுபோறதோ? நீ மலையைக் கண்டிருக்கிறியோ?' எண்டு கேட்டான் தம்பி. ஆக்கள் நிக்கினம். முதல் நாள். என்ரை வாயிலை கடுகண்ணாவை எண்டு வந்துது. பள்ளிக்கூடத்திலை பூமிசாத்திரப் புத்தகத்திலை கிடந்த பேர். லொறியிலை என்ன ஏத்தினனி எண்டான். அவன் வெங்காய வியாபாரி. வெங்காயம் எண்டன். வாயை மூடிக்கொண்டு ஏறினான்."

"மாடு?"

"அது சுபாஸ்கரனுக்கு. அந்த நேரம் ரெண்டு மாடு குறுக்கை வந்துது."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "ஒருநாள் சொல்லிப்போட்டன். பிறகு அந்த லொறி இல்லாமல் எனக்குப் பழக்கத் தெரியேல்லை. ஆம்பிளையள் கிளச்சை ஒழுங்கா விடுறது அந்த லொறிக்குப் பயந்துதான்."

"நாளைக்கு என்ன செய்யப் போறியள்?"

"நாளைக்கு நான் இடது பக்கம்தானே. வாய் மட்டும்தான் ஓடும். அது எந்த மலையிலையும் ஓடும். நீர் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

சொல்லவில்லை. இப்போது எழுதுவது, அண்மையில் அவரே "தாராளமா எழுதும்" என்று சொல்லிச் சிரித்ததால்தான்.

மறுநாள் காலை இறத்தோட்டை தாண்டி, தேயிலைத் தோட்டங்களும் தாண்டி, அந்தப் பாதை தொடங்கியது. பாதை என்பது மரியாதைக்குச் சொல்வது. மழைநீர் இறங்கும் வாய்க்கால் ஒன்றுக்குள் யாரோ கல் கொட்டியிருந்தார்கள். வலப்புறம் பாறை. இடப்புறம் பள்ளம். அதாவது ரீச்சர் பக்கம். முதல் ஒரு மைலுக்கு அவருடைய வலது கால் ஜீப்பின் தளத்தை மிதித்துக்கொண்டே வந்தது. ஆனால் சத்தமில்லை. லெனாட் பின்னாலிருந்து வானொலியில், "ரீச்சர் கத்திறாவோ?" என்று கேட்டபடி இருந்தார். "இல்லை" என்று சுபாஸ்கரன் ஏமாற்றத்தோடு பதில் சொன்னார்.

நெற்றியைப் போல நிமிர்ந்த ஓர் ஏற்றம் வந்தது. ஈரக்களி. சுபாஸ்கரன் வேகமாக ஏறிவிடலாம் என்று நினைத்தார். பாதி ஏறியதும் ஜீப் இருமியது, குலுங்கியது, எஞ்சின் நின்றுவிட்டது. கை பிறேக்கை இழுத்தார். ஜீப் மெல்லப் பின்னால் நழுவியது. காலால் பிறேக்கை அழுத்தினார். நின்றது. நின்ற இடத்தில் பின்பக்க இடது சில்லுக்கும் பள்ளத்துக்கும் இடையில் ஒரு முழ அகலப் புல்தான் இருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது, ஏனென்றால் நான் அந்தச் சில்லுக்கு மேலேதான் இருந்தேன்.

"சுபாஸ்கரன்," என்றார் ரீச்சர், "ஸ்ராட் பண்ணும்."

சுபாஸ்கரனின் கால் பிறேக்கின் மேல் தையல் மெசின் போல நடுங்கிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான பேருக்குப் பல் பிடுங்கிய கை ஸ்ரேறிங்கைக் கட்டிப்பிடித்திருந்தது. "ஏலாது ரீச்சர்," என்றார் கடைசியில். "காலை எடுத்தால் போயிடும்."

அந்த நேரம் மேலேயிருந்து ஒரு தோட்டத்துப் பெண் தலையில் விறகுக்கட்டோடு இறங்கி வந்தார். ஜீப்பைச் சுற்றிக்கொண்டு போக இடம் தேடியவர், நின்று எங்களை ஒருமுறை பார்த்தார்.

"என்னாங்க, வண்டி ஏறலீங்களா?"

"ஏறும் பிள்ளை," என்றார் ரீச்சர், சந்திக் கடையில் நின்று கதைப்பவர்போல. "ரெண்டு பெரிய கல்லு எடுத்துப் பின் ரயருக்குக் குடுக்கிறீரோ?"

அந்தப் பெண் விறகை இறக்கி வைத்துவிட்டு, இரண்டு பாறாங்கற்களை உருட்டி வந்து சில்லுகளுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தார். பிறகு விறகின் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டார். இனி வரப்போவதைப் பார்க்காமல் போகும் எண்ணம் அவருக்கு இல்லை.

"முதல் கியரைப் போடும்," என்றார் ரீச்சர் சுபாஸ்கரனிடம். "அது பிடிக்கும். கல்லும் பிடிக்கும். இப்ப காலை மெள்ள எடுத்துப்போட்டு இறங்கும்."

"ஆர் எடுக்கிறது?"

"கடுகண்ணாவையிலை ஆர் எடுத்தது?"

சுபாஸ்கரன் இறங்கினார். நானும் கதவில் கை வைத்தேன்.

"நீர் எங்கை போறீர்? பின்னுக்குப் பாரம் வேணும். இரும்."

இருந்தேன். ரீச்சர் இடது சீற்றிலிருந்து வலது சீற்றுக்கு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கியர்த் தடியைத் தாண்டி நகர்ந்தார். தலையணையைச் சீற்றில் போட்டு ஏறி இருந்தார். கால் எட்டவில்லை. சுபாஸ்கரனின் நித்திரைப் பையை உருட்டி முதுகுக்குக் கொடுத்தார். எட்டியது. கதவுகள் மூடியிருந்தன. வெளியே நின்றவர்களுக்கு உள்ளே கதைப்பது கேட்காது. எனக்கு மட்டும் கேட்டது.

"மாதாவே" என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் கதைத்து நான் கேட்டதில்லை.

முதல் முயற்சியில் எஞ்சின் நின்றது. ஜீப் பின்னால் சாய்ந்து கல்லில் முட்டியது. இரண்டாம் முயற்சியிலும் நின்றது. கல் ஒன்று கறகறவென்று அரைந்தது. வெளியே, பின்னால் தன் ஜீப்பை நிறுத்திவிட்டு ஏறி வந்திருந்த ஜெயகௌரி வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது.

ரீச்சர் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார். "தம்பி சுபாஸ்கரன், உந்தச் சின்னத் தடி என்னத்துக்கு?" கியருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டித் தடி இருந்தது.

"அது... மெதுவா, பலமா இழுக்கிற கியர் ரீச்சர். மலையேற."

"அப்ப நீர் அதைப் போட்டனீரோ?"

சுபாஸ்கரன் தன் சப்பாத்தைப் பார்த்தார். தோட்டத்துப் பெண் களுக்கென்று சிரித்தார். கண்ணாடி மேலே போனது.

ரீச்சர் குட்டித் தடியை இழுத்துப் போட்டார். எஞ்சினை இயக்கினார். பிறகு நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பக்கத்தில் வெறுமையாக இருந்த இடது சீற்றைப் பார்க்காமலே, தன் வழக்கமான உரத்த குரலில் தனக்கே பழக்கத் தொடங்கினார்.

"பிள்ளை யோசப்பின், கண் எங்கை பாக்குது? பள்ளத்தைப் பாக்காதை. பள்ளம் ஓடாது. ரோட்டைப் பார்." மறுகணமே சின்னக் குரல்: "ஓம் ரீச்சர்." மீண்டும் பெரிய குரல்: "கிளச்சை மெள்ள விடு. மெள்ள! எஞ்சின் குரல் மாறுதோ?" "இல்லை ரீச்சர்." "இன்னும் கொஞ்சம். இப்ப?" ஜீப்பின் முன்பக்கம் லேசாக நிமிர்ந்தது. எஞ்சினின் சத்தம் தடித்தது. "மாறுது ரீச்சர்." "அப்பிடியே பிடி. உது வழுக்கியாத்துப் பாலம்தான், கொஞ்சம் நீளம். பிறேக்கை விடு. விடு எண்டால் விடு!"

விட்டார். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. பிறகு ஜீப் ஒரு கிழட்டு எருமை எழும்புவதுபோல எழும்பி, ஒரு கல், இன்னொரு கல் என்று ஏறத் தொடங்கியது. "கோலம் போடாதை" என்று அதட்டிக்கொண்டே ஸ்ரேறிங்கை உடும்புபோலப் பிடித்திருந்தார். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது. துடைக்கவில்லை. கடைசி வளைவில் பின்சில்லு வழுக்கியபோது எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். ரீச்சர் கூப்பிட்டது தன்னைத்தான். "யோசப்பின்!" என்று ஒரு அதட்டல். சில்லு பிடித்தது.

உச்சியில் சமதரை வந்தது. ஜீப்பை நிறுத்தி, கை பிறேக்கைப் போட்டு, கியரைப் போட்டு, எஞ்சினை நிறுத்தினார். ஒழுங்கு பிசகவில்லை. பிறகுதான் மூக்கு நுனி வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"பாஸ்" என்றார் தனக்குத்தானே. "முதல் தரமே." எனக்கு ஒரு குத்து அதில் இருந்தது.

இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு கீழே நடந்தார். ஜெயகௌரி தன் ஜீப்பின் திறப்பை நீட்டினார். அதையும் ஏற்றினார். அந்த முறை எஞ்சின் ஒருதரம்கூட நிற்கவில்லை. லெனாட்டுக்குத் திடீரென்று முழங்கால் நோவு வந்தது. மூன்றாவது ஜீப் ஏறும்போது ரீச்சர் வளைவில் ஹோன்கூட அடித்தார். தேவையில்லை. ஆசைக்கு அடித்தார். லெனாட் பின்னால் நடந்து வந்தார். முழங்கால் நோவு ஏறி நடக்கும்போது காணாமல் போயிருந்தது. தோட்டத்துப் பெண் கையசைத்துவிட்டு விறகைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

உச்சியில் பாழடைந்த ஏலக்காய்க் கொட்டகை ஒன்று. கூரையில் பாதி இல்லை. அதன் திண்ணைக்கல்லில் சுடுதண்ணீர்ப் போத்தலைத் திறந்து தேநீர் ஊற்றினோம். மூடுபனி கீழே போக நாங்கள் மேலே இருந்தோம். ரீச்சரை நடுவில் இருத்தினோம்.

"ரீச்சர்," என்று சுபாஸ்கரன் தொடங்கினார். "நாங்கள் ஒரு பகிடிக்குத்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள். கடுகண்ணாவைக் கதை பொய் எண்டு நினைச்சம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"நான் ஆரம்பத்திலையே நம்பினனான்" என்றார் லெனாட். யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை.

ரீச்சர் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். இத்தோடு விட்டிருக்கலாம். அந்த லொறி இனி எந்தத் தேநீர்க் கடையிலும் கவிழாது. மூன்று சாட்சிகள், மூன்று ஜீப். ஆனால் அவர் கோப்பையைக் கீழே வைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"பிள்ளையள், ஒண்டு சொல்லவேணும். நீங்கள் நினைச்சதுதான் சரி. நான் கடுகண்ணாவையை இண்டைவரை காணேல்லை. லொறியும் ஓடேல்லை. மலையை முதல் முதல் கண்டது நேற்றுத்தான், நாவுலையிலை. மழை எண்டு நினைச்சன்."

ஜெயகௌரிதான் முதலில் சிரித்தார். அடுத்து சுபாஸ்கரன். லெனாட் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"ஐயோ ரீச்சர்!" என்றார் ஜெயகௌரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்களுக்கு வெக்கமாயிருக்கும் எண்டு இப்பிடிச் சொல்லுறியள்."

"மெய்தான் பிள்ளை. ரெண்டு தரம் எஞ்சின் நிண்டதைக் காணேல்லையோ?"

"அது எனக்குப் பாடம் படிப்பிக்கத்தானே!" என்றார் சுபாஸ்கரன். "சின்னத் தடியை நான் போடாததை என்னையே ஒப்புக்கொள்ள வைக்க. நான் அப்பவே விளங்கிக்கொண்டன்."

"அந்தோனியார் சத்தியமா..."

இதற்குத்தான் எல்லோரும் அதிகம் சிரித்தார்கள். பரீட்சைக்கு முதல்நாள் ஒவ்வொருவரிடமும், "அந்தோனியார் சத்தியமா நீ நாளைக்கு ஃபெயில்" என்று சொல்வது ரீச்சரின் வழக்கம். சொன்னவர்களில் பெரும்பாலானோர் பாஸாகியிருந்தார்கள்.

ரீச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன் என்பதுபோல் தோளைக் குலுக்கினார். "லொறியிலை மெய்யா என்ன ரீச்சர் இருந்தது? மாடோ ஐஸோ?" என்று லெனாட் கேட்டார்.

உண்மை தனியே நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "அவ சொல்லுறது மெய்தான், நான் நேரிலை..." என்று வாயைத் திறந்தேன்.

ரீச்சர் மடியில் கிடந்த கூடைக்குள் கையை விட்டு, பருத்தித்துறை வடையில் பெரியதாக ஒன்றை எடுத்து, திறந்திருந்த என் வாய்க்குள் முழுதாக வைத்து அடைத்தார்.